தேர்வர் இரண்டு

சுபஸ்ரீக்குக் காய்ச்சல் வந்தது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனபோது அவள் கொரிய மொழி மாணவியாகியிருந்தாள்.

கொரோனா கொஞ்சம் அடங்கி, செப்டம்பரில் பள்ளிகளைத் திறந்திருந்த நேரம் அது. முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற கண்களை வைத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. புது மாவட்டத்துக்குப் புதிதாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. ‘உலகமொழித் திறன் இயக்கம்’ என்று ஒரு திட்டம் இறங்கியது. வேறு மாவட்டங்களுக்கு ஜப்பானும் ஜெர்மனியும் போய்விட, கடைசியாக மிஞ்சிய கொரியா கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பில் விருப்பப் பாடம். பங்குனியில் தேர்வு. மாவட்டத்தில் முதலாவதாக வரும் ஒரே ஒருவருக்குச் சென்னையில் விடுதியோடு இரண்டு வருஷப் படிப்பு.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் இருக்கும் அந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் தெய்வசிகாமணி, வியாழக்கிழமை காலை பத்தாம் வகுப்புக்குள் வந்து சுற்றறிக்கையைப் படித்தார்.

“விருப்பம் உள்ளவங்க எழுந்து நில்லுங்க” என்றார். யாரும் எழவில்லை.

“சரி, விருப்பம் இல்லாதவங்க எழுந்து நில்லுங்க.” மொத்த வகுப்பும் எழுந்து நின்றது.

அன்று பள்ளிக்கு வராத சுபஸ்ரீ மட்டும் எழுந்து நிற்கவில்லை. ஆகவே அவளுக்கு விருப்பம் இருப்பதாகப் பதிவாயிற்று.

“சார், நான் சொல்லவேயில்ல சார்” என்று வெள்ளிக்கிழமை அவள் போய் நின்றாள்.

“ஆன்லைன்ல ஏத்தியாச்சும்மா. ஏத்துறதுக்குத்தான் பட்டன் குடுத்துருக்கான். எறக்கறதுக்குக் குடுக்கல” என்றார் தலைமையாசிரியர், நிஜமான வருத்தத்தோடு.

அடுத்த வாரம் தொடக்க விழா நடந்தது. மாவட்ட அயல்மொழி ஒருங்கிணைப்பாளர் நாராயணசாமி காரில் வந்து இறங்கினார். அவருடைய அலுவலகத்துக்கு இன்னும் கட்டிடம் கிடைக்கவில்லை. கோப்புகள் விழுப்புரத்தில் இருந்தன, அவர் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் இருந்தார். பதினான்கு நாற்காலிகள் போட்ட மேடைக்கு எதிரே, ஒரு பெஞ்சில், கொரிய மொழி வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அதாவது சுபஸ்ரீ.

“மாணவச் செல்வங்களே!” என்று அவளைப் பார்த்து ஆரம்பித்தார் நாராயணசாமி. “கொரிய மொழியைக் கண்டு நீங்கள் அஞ்சவேண்டியதில்லை. அவர்களும் அம்மாவை ஓம்மா என்கிறார்கள். அப்பாவை அப்பா என்றே அழைக்கிறார்கள். ஆக, அந்த மொழியின் தலையாய இரண்டு சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். மீதம் இருப்பவை சில ஆயிரம் சொற்கள்தான். இதற்கென்று தனியாக ஓர் ஆசிரியரை நியமிப்பது நம் மாணவர்களின் அறிவை அவமதிப்பதாகும். அந்தத் தவற்றை இந்த அரசுத் துறை ஒருபோதும் செய்யாது. ஒரு திட்டத்தில் தொண்ணூறு விழுக்காடு வேலை அதைத் தொடங்கிவைப்பதுதான். இன்று நாம் தொண்ணூறு விழுக்காடு முடித்துவிட்டோம்.”

பலமாகக் கைதட்டினார்கள். சுபஸ்ரீயும் தட்டினாள்.

மீதிப் பத்து விழுக்காடு உடற்கல்வி ஆசிரியர் தனசேகரன் தலையில் விழுந்தது. அவர் வாலிபத்தில் திருவண்ணாமலையில் மூன்று மாதம் டேக்வாண்டோ கற்றவர். அது கொரியச் சண்டைக்கலை என்பதைச் சக ஆசிரியர் யாரோ ஞாபகம் வைத்திருந்து சொல்லிவிட்டார்கள். பழைய அறிவியல் ஆய்வகத்தை வகுப்பறையாக ஒதுக்கினார்கள். சுவரோரம் கண்ணாடிப் புட்டியில் ஊறிக்கொண்டிருந்த ஒரு நல்லபாம்பைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

“ஹனா, துல், செத், நெத்” என்று தனசேகரன் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்தார். நேராக நிற்க ‘சாரியொத்’, வணங்க ‘கியோங்னே’. நாலாம் நாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவ்ளோதாம்மா எனக்குத் தெரியும். இதுக்கு மேல ஒதைக்கறதுதான்” என்றார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்.

விதிப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் தலைவர் வேண்டும் என்பதால் சுபஸ்ரீ வகுப்புத் தலைவியானாள். தினமும் “சாரியொத்!” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தானே விறைப்பாக நிற்பாள். வகுப்பில் பேசியவர்கள் பெயரை எழுதி மாலையில் தலைமையாசிரியரிடம் கொடுக்கவேண்டும். அவள் வெறும் தாளைத் தேதி போட்டுக் கொடுத்தாள். “கட்டுப்பாடான வகுப்பு” என்று அவர் மற்ற வகுப்புகளில் போய்ப் பெருமையாகச் சொன்னார். மற்ற வகுப்பினர் அவளுக்குக் ‘கொரியா’ என்று பெயர் வைத்தார்கள். மற்ற பாடங்களில் அவள் பக்கத்தில் உட்காரும் அபிநயாகூட, பாட இடைவேளையில் அவள் வரும்போது, “அதோ கொரியா வருது” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பேசப் போய்விடுவாள்.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. அம்மா காசியம்மாள் ஊரடங்கு முடிந்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அப்பா இருசப்பன் கரும்பு வெட்டும் கோஷ்டியில் இருந்தார். மணலூர்பேட்டைப் பக்கம் வெட்டு நடந்தால் விடியுமுன்னே போய்விடுவார். திரும்பி வந்தால் தட்டில் சோறு விழும்போதே கண் சொக்கிவிடும். “படிச்சியாமா?” என்பார். பதில் வருவதற்குள் தூங்கியிருப்பார்.

பாடப் புத்தகம் அக்டோபர் கடைசியில் வந்தது. சாதிவாரி உள்ஒதுக்கீடு கேட்டு ஒரு தரப்பும் கூடாதென்று ஒரு தரப்பும் ஊருக்கு ஊர் சாலையில் உட்கார்ந்துகொண்டிருந்த காலம். புத்தகம் ஏற்றிய லாரி எலவனாசூர்கோட்டை அருகே இரண்டு மறியல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் மூன்று நாள் நின்றதாம். புத்தகத்தோடு ஒரு சிடியும் இருந்தது. அதைப் போட்டுக் கேட்கிற கருவி பள்ளியில் இல்லை, ஊரிலும் இல்லை. தனசேகரன் கள்ளக்குறிச்சியில் தன் மச்சானின் போட்டோ ஸ்டூடியோவில் கொடுத்து, சுபஸ்ரீயின் அம்மா விட்டுப்போன பழைய போனில் ஏற்றித் தந்தார்.

அந்த ஒலிப்பதிவில் ஒரு கொரியப் பெண் இருந்தாள். கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு நாலு விநாடி சும்மா இருப்பாள். அது பதில் சொல்வதற்கான இடம்.

“சாப்பிட்டாயா?” நாலு விநாடி. “நேற்று என்ன செய்தாய்?” நாலு விநாடி. “உனக்கு என்ன பிடிக்கும்?” நாலு விநாடி.

சுபஸ்ரீ முதலில் புத்தகத்தில் இருந்த பதில்களைச் சொன்னாள். பிறகு வார்த்தைகளைத் தேடித் தேடித் தன் பதில்களைச் சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாலும் அந்தப் பெண், “அப்படியா? ரொம்ப நல்லது” என்றாள். சளி பிடித்திருக்கிறது என்றாலும் ரொம்ப நல்லது என்றாள். இருந்தாலும் கேட்டாளே. அப்பா இல்லாத சாயங்காலங்களில் அடுப்பு ஊதிக்கொண்டும் குடம் நிறைகிறவரை குழாயடியில் நின்றுகொண்டும் சுபஸ்ரீ அவளோடு பேசினாள். மூன்று மாதத்தில் அந்த மொழியின் எழுத்தும் வினைச்சொல்லும் மரியாதை விகுதியும் அவளுக்கு வசப்பட்டிருந்தன. அது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இதற்கிடையில் இடப் பங்கீட்டுப் பிரச்சினை எழுந்தது. மாவட்டத்துக்கு உள்ளது ஒரே இடம். அது எந்தப் பிரிவுக்கு என்று சுழற்சிப் பட்டியல் போட்டார்கள். நவம்பரில் உள்ஒதுக்கீட்டு வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பட்டியலைக் கிழித்து வேறு போட்டார்கள். மேல்முறையீடு போனதும் கிழித்ததை ஒட்டவைத்தார்கள்.

ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் பள்ளிக்கு வந்தார்கள்.

“கொரியா வகுப்புல எங்க புள்ளைங்க எத்தினி பேரு?” என்றார் அவர்களில் பெரியவர்.

“மொத்தமே ஒருத்திதாங்க” என்றார் தெய்வசிகாமணி.

“அந்த ஒருத்தி எங்க புள்ளையா?”

“இல்லீங்க.”

“அப்ப நூத்துக்கு நூறு மத்தவங்களுக்குத்தான? எங்களுக்குப் பூஜ்யமா?”

மறுவாரம் எதிர்த்தரப்பிலிருந்து வந்தவர்களும் இதையே கேட்டார்கள். தலைமையாசிரியர் இரண்டு தரப்புக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

“சண்டைக்கு வரல சார். எங்க பொண்ணுங்களுக்கு இப்பிடி ஒரு படிப்பு வந்துருக்குன்னே சேதி வரல. வந்தா சேர்ந்திருக்கும்ல?” என்றார் இரண்டாவது கோஷ்டியின் பெரியவர். அதில் நியாயம் இருந்தது. “இப்பவாவது நாலு பேரச் சேத்துக்குங்க.”

ஆய்வக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுபஸ்ரீ இன்னும் ஓரடி முன்னே வந்தாள். யாராக இருந்தால் என்ன, ஒரே ஒருத்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.

“தாராளமா சேத்துக்கலாம்” என்றார் தெய்வசிகாமணி. “ஆனா கடைசித் தேதி முடிஞ்சுபோச்சுங்களே.”

“எப்ப முடிஞ்சுது?”

“அறிவிச்ச அன்னிக்கே.”

அவர்கள் ஒரு மனு கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கு முடியும்வரை வம்பு வேண்டாம் என்று நாராயணசாமி அந்த ஒரு இடத்தைப் பொதுப் பிரிவில் வைத்தார். அதாவது யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவருக்கு. மாவட்டம் முழுவதிலும் சுபஸ்ரீயைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பங்குனி வெயிலில் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வு ஒழுங்காக நடந்தது. பேச்சுத் தேர்வில்தான் சிக்கல். விதிப்படி அது இருவர் உரையாடல். பதினைந்து நிமிஷம் பேசவேண்டும். ஒற்றைத் தேர்வரை ஏற்றால் கணினி பதிவெண்ணே கொடுக்க மறுத்தது. நாராயணசாமி சென்னைக்குப் போன் போட்டு, வெகுநேரம் “ஆமாங்கய்யா” சொல்லிவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

“ரெண்டு தேர்வர் வேணும்னுதான் விதியில இருக்குது. ரெண்டும் வேற வேற ஆளா இருக்கணும்னு எங்கியும் இல்ல.”

‘தேர்வர் இரண்டு’ என்று ஒரு பதிவெண் உருவாக்கினார்கள். பெயர் என்ற இடத்தில் ‘பின்னர் அளிக்கப்படும்’ என்று இட்டார்கள். மேடையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டார்கள். எதிரே நாராயணசாமி, தெய்வசிகாமணி, தனசேகரன் மூவரும் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தார்கள். உச்சரிப்பு, தெளிவு, முகபாவம், தன்னம்பிக்கை என்று நாலு தலைப்பு. மொழி தெரிந்திருக்கவேண்டிய தலைப்பு எதுவும் இல்லை.

“கேள்விய இந்த நாற்காலியில கேளு. எழுந்து போயி பதில அந்த நாற்காலியில சொல்லு. நடக்கறப்ப பேசாத, அது யாரு கணக்குலன்னு குழப்பம் வரும்” என்றார் நாராயணசாமி.

சுபஸ்ரீ முதல் நாற்காலியில் உட்கார்ந்து, “பாப் மொகொஸ்ஸயோ?” என்றாள். சாப்பிட்டாயா? எழுந்து நாலடி நடந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “இன்னும் இல்லை. நீ?” திரும்ப வந்தாள். “நானும் இல்லை.”

புத்தகத்தில் இருந்த உரையாடல் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. தனசேகரன் கடிகாரத்தைக் காட்டிக் கையைச் சுழற்றினார். சுபஸ்ரீ வெறும் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

“அப்பா கரும்பு வெட்டப் போயிருக்கிறார். இருட்டிய பிறகு வருவார்.”

“அம்மா?”

“வெளியூரில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் வரும்.”

“அப்படியென்றால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“நான் இருக்கிறேன்.”

“யாரோடு பேசுவாய்?”

அவள் எழுந்து நடந்து முதல் நாற்காலிக்கு வந்தாள். அந்த நாலடியில் பதிலைத் தேடினாள். “உன்னோடுதான்” என்றாள். எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தபோது சொல்ல ஒன்றும் இல்லாமல், சொன்னதைக் கேட்டுக்கொண்டவள்போலத் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“முகபாவம் பிரமாதம்” என்று நாராயணசாமி எழுதிக்கொண்டார்.

மே மாதம் முடிவு வந்தது. தேர்வர் ஒன்று, சுபஸ்ரீ, ஐம்பதுக்கு நாற்பது. தேர்வர் இரண்டு, நாற்பத்திரண்டு. எதிர் நாற்காலியில் முகபாவம் தூக்கலாக இருந்ததாக மூன்று பேரும் தனித்தனியே எழுதியிருந்தார்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண் இருவருக்கும் பொதுவாக வரவு வைக்கப்பட்டிருந்தது. ஆகவே சென்னைப் படிப்புக்குத் தேர்வர் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்டார். சுபஸ்ரீ காத்திருப்போர் பட்டியலில் முதலிடம்.

“உன்ன ஜெயிச்சது யாரு?” என்று கேட்டார் இருசப்பன்.

“நான்தாம்ப்பா.”

“அப்ப சந்தோசந்தான?”

மறுநாள் தனசேகரன் அவளைத் திருமண மண்டபத்து மாடிக்கு அழைத்துப்போனார். நாராயணசாமி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தேர்வானவர் பதினைந்து நாளில் சேராவிட்டால் இடம் அரசுக்குத் திரும்பிவிடும். காத்திருப்பவருக்கு அது வரவேண்டுமானால், தேர்வானவர் தனக்கு விருப்பமில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும்.

“சார், ரெண்டாவது ஆளே கிடையாது சார். ரெண்டு நாற்காலியிலயும் நான்தான் உக்காந்தேன். நீங்கதான சார் சொன்னீங்க?”

நாராயணசாமி பேனாவை மூடிவைத்தார். “பாரும்மா. இன்னொரு பதிவெண்ணுல நீ உக்காந்தேன்னு வாயால சொன்னா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். மூணு வருசம் எந்தப் பரீட்சையும் எழுதமுடியாது. பத்தாவது ரிசல்ட்டயும் நிறுத்திவெப்பாங்க. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்தத் துறையில உண்மை பேசறவங்களுக்கு நாங்க எப்பவும் பாதுகாப்பு. அதனால யோசிச்சு உண்மையச் சொல்லு. அந்தப் பொண்ணு இருக்காளா, இல்லையா?”

மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. தனசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கா சார்” என்றாள் சுபஸ்ரீ.

“எப்பிடிப்பட்ட பொண்ணு?”

“நல்லவ சார். நான் சொல்றத பூரா கேட்டுக்கினு இருப்பா.”

‘நன்னடத்தை: நன்று’ என்று எழுதி, கீழே அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இனி அந்த நல்லவளைக் கண்டுபிடித்தாகவேண்டும். தெய்வசிகாமணி இடைநின்றவர்கள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தார். பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும், பள்ளிக்கு வரக்கூடாது. அப்படி ஒருத்தி வந்து விருப்பமில்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால், இடம் சுபஸ்ரீக்குப் போய்விடும், எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். சந்தியா என்ற பெயரில் அவர் விரல் நின்றது.

சந்தியாவும் சுபஸ்ரீயும் ஒன்பதாவதுவரை ஒரே வகுப்பு. மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும் பேசிக்கொண்டதில்லை. தெரு வேறு, குழாய் வேறு. ஊரடங்கில் பள்ளி மூடியபோது சந்தியா ஜவ்வரிசி மில்லுக்கு வேலைக்குப் போனாள். திறந்தபோது திரும்பி வரவில்லை. மரவள்ளிக் குத்தகைக்காரக் குடும்பம், அப்பா இறந்துபோனார். ஆவணியில் கல்யாணம் வைத்துவிடலாம் என்று அம்மா ராணியம்மாள் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் மகளும் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார்கள். சுபஸ்ரீ ஓரமாக நின்றாள்.

“ஒரு கையெழுத்துதாம்மா. இங்க போடு” என்று தாளை நீட்டினார் தெய்வசிகாமணி.

சந்தியா தாளை எடுத்துக் கண்ணருகே பிடித்துக்கொண்டாள்.

“படிக்கவேணாம், போடு.”

“படிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நீங்கதான் சார் எட்டாவதுல சொன்னீங்க.” அவள் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். தலையை நிமிர்த்தினாள். “மெட்ராசுல தங்கிப் படிக்கறதா சார்?”

“ஆமா.”

“சோறு போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“ரெண்டு வருசமும்?”

“ம்.”

“இதுல எனக்கு விருப்பமில்லன்னு எழுதியிருக்குது. எனக்கு விருப்பமாத்தான சார் இருக்குது?”

முப்பது வருஷ சர்வீஸில் தெய்வசிகாமணியிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

“நீ பரீட்சையே எழுதலையேம்மா” என்றார்.

“அப்ப இந்தக் காயிதத்துல நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?”

எல்லோரும் சுபஸ்ரீயைப் பார்த்தார்கள். இவள் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தியா மில்லுக்குத் திரும்பிப் போவாள். பட்டியலில் வேறொரு பெயர் கிடைக்கும். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிற பெயராகவும் இருக்கும். சென்னைக்கு அவளே போகலாம். சுபஸ்ரீ சந்தியாவின் கையைப் பார்த்தாள். மாவுத் தண்ணீரில் கிடந்து விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. அந்த விரல்கள் தாளை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன.

“இவதான் சார்” என்றாள் சுபஸ்ரீ.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு பலநாள் பிடிபடவில்லை.

தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ‘பின்னர் அளிக்கப்படும்’ என்றிருந்த இடத்தில் சந்தியாவின் பெயர் ஏறியது. ராணியம்மாள் ஒன்றும் புரியாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் சோறு போட்டுப் படிக்கவைப்பார்கள் என்பது மட்டும் விளங்கியதும், ஆவணிக் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தாள்.

“இன்னும் பத்து நாள்தான் இருக்குது. போற எடத்துல மானம் போவாம, ஏதாச்சும் ரெண்டு வார்த்த சொல்லிக்குடும்மா” என்று சுபஸ்ரீயிடம் சொன்னார் தெய்வசிகாமணி.

அந்தப் பத்து நாளும் ஆய்வகத்து பெஞ்சில் இருவர் உட்கார்ந்தார்கள். பெஞ்சின் இரு ஓரங்களில் ஆரம்பித்து, மூன்றாம் நாள் ஒரே புத்தகத்தைப் பார்க்கவேண்டியிருந்ததால் நடுவுக்கு வந்துவிட்டார்கள். சந்தியாவுக்கு எழுத்து சட்டென்று வரவில்லை. ஆனால் பேச்சு வந்தது. ஒலிப்பதிவுப் பெண்ணைப்போல அவள் நாலு விநாடி காத்திருக்கமாட்டாள். பாதியில் குறுக்கே விழுவாள்.

“நேத்து இன்னா பண்ணேன்னு கேக்கறாளா? அய்ய, அத்தக் கேட்டு இவ இன்னா பண்ணப்போறா? நீ சொல்லுடி, நேத்து இன்னா பண்ணே?”

“சும்மா வூட்லதான் இருந்தேன்.”

“பொய்யி. ஏரிக்கரையில போனே, நான் பாத்தேன். தனியா பேசிக்கினு போனே. பைத்தியமான்னு நெனச்சேன்.”

சுபஸ்ரீ சிரித்தாள். தன் சிரிப்பு அந்த அறையில் எப்படிக் கேட்கும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. சந்தியா மில்லைப் பற்றிச் சொன்னாள். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிச் சொன்னாள். ஏழாவது நாள் வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டுவந்து பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். “எங்கம்மாகிட்ட சொல்லாத” என்றாள். எட்டாவது நாள், “நான் போனப்புறம் நீ இன்னாடி பண்ணுவே?” என்று கேட்டாள். சுபஸ்ரீ புத்தகத்தைப் புரட்டி வினைச்சொல் கேட்டாள்.

பள்ளியில் அந்த வருஷத்தோடு கொரிய வகுப்பை மூடிவிட்டார்கள். தேர்ச்சி நூறு விழுக்காடு, இலக்கு எட்டப்பட்டது என்று கோப்பு முடிந்தது. எட்டப்பட்ட இலக்கைத் தொடர்ந்து நடத்த விதியில் இடமில்லை. சுபஸ்ரீக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் பிரிவு கிடைத்தது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சந்தியாவைச் சென்னை வண்டியில் ஏற்றினார்கள். நாராயணசாமி வழியனுப்ப வந்து, பஸ் படிக்கட்டில் நின்றே பேசினார். “சாதி, மத பேதமற்று, தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நடந்த தேர்வு இது. இந்தப் பெண்ணைப் பரீட்சை மண்டபத்தில் கண்ட அந்த நிமிடமே நான் சொன்னேன், இவள் ஜெயிப்பாள் என்று.” தெய்வசிகாமணி சால்வை போட்டார். தனசேகரன் சுபஸ்ரீயின் முகத்தைப் பார்க்காமல் வாழைப்பழம் வாங்கப் போனார். கூட்டத்துக்குப் பின்னால், சுபஸ்ரீ ஒரு தூணோரம் நின்றிருந்தாள்.

வண்டி நகர ஆரம்பித்ததும் சந்தியா ஜன்னல் கம்பிகளில் முகத்தை வைத்து அவளைத் தேடினாள். கண்டுபிடித்ததும் முகமெல்லாம் விரிய, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

“அன்யோங்ஹி காசேயோ!”

எல்லோரும் கைதட்டினார்கள். நாராயணசாமி மெய்சிலிர்த்துப்போய்ப் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொரிய மொழியில் விடைபெறுவதற்கு ஒரு வார்த்தை போதாது. கிளம்பிப் போகிறவரிடம், நல்லபடியாகப் போ என்று ‘காசேயோ’ சொல்லவேண்டும். போகாமல் அங்கேயே இருந்துவிடுகிறவரிடம், நல்லபடியாக இரு என்று ‘கேசேயோ’ சொல்லவேண்டும். சந்தியா மாற்றிச் சொல்லிவிட்டாள்.

சுபஸ்ரீ தூணை விட்டு விலகி வண்டியோடு ஓடினாள்.

“ஏய்! அது போறவங்களுக்குச் சொல்றதுடி! எனக்குக் கேசேயோ! கேசேயோ சொல்லணும்! நான் இங்கதான இருக்கறேன்!”

சந்தியா காதில் கையை வைத்து, “இன்னாடி?” என்றாள். வண்டி திரும்பிவிட்டது.